குட்டி யானைக்கு ஆகும் தீனி
(பழைய சரக்கு வண்டி வாங்க நினைக்கும் வணிகர்கள் கவனத்திற்கு)



நமது சங்கக் கூட்டங்களில் எடைக்கல் முத்திரை, உணவு உரிமம், ஜி.எஸ்.டி. என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். சரக்கைக் கடை வாசலில் கொண்டு வந்து இறக்கும் வண்டியைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆனால் கூட்டம் முடிந்து டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. "அண்ணாச்சி, ஒரு குட்டி யானை விலைக்கு வருது, ஒண்ணே முக்கால் லட்சம் சொல்றாங்க, எடுக்கலாமா?" என்று கடந்த ஆறு மாதத்தில் என்னிடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் மெக்கானிக் அல்ல. மல்லாங்கிணற்றில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவன். முப்பது வருடத்துக்கு மேல் சொந்த வண்டியும் வாடகை வண்டியும் வைத்துச் சரக்கு ஏற்றியவன் என்பதால் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த நேரம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றே முக்கால் லட்சம் என்பது வண்டியின் விலை அல்ல. அது முன்பணம். மீதி விலையை முதல் ஆறு மாதத்தில் பட்டறையில் கட்டுகிறோம். அந்த மீதி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்குகிறவர் பிழைத்துக்கொள்கிறார். தெரியாமல் வாங்குகிறவருடைய கடை முதல்தான் பட்டறைக்குப் போகிறது.

நம் பக்கத்தில் ஒரு காலத்தில் விருதுநகர் மார்க்கெட்டில் கொள்முதல் செய்த சரக்கு மாட்டு வண்டியில் வந்தது. பிறகு லாரியில் வந்தது. அவசரத்துக்கு பஸ் கூரையிலும் வந்தது. மெட்டடார் வேனும், 1986ல் வந்த டாடா 407ம் பெரிய கைகளுக்குத்தான் எட்டின. 2005ஆம் வருடம் மே மாதம் டாடா ஏஸ் வந்த பிறகுதான் சின்னக் கடைக்காரரும் நாலு சக்கர வண்டி வாங்கலாம் என்றாயிற்று. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம், விலை சுமார் இரண்டே கால் லட்சம். 1998ல் வந்த இண்டிகா காரின் நாலு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிப் போட்டதுதான் இந்த எஞ்சின். நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தார்கள். 2011ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. அது ஒன்றேகால் டன். மஹிந்திரா பொலிரோ பிக்கப்பும் உண்டு. இன்றைக்குப் பழைய வண்டிச் சந்தையில் நம் போன்றவர்களிடம் வந்து நிற்பவை பெரும்பாலும் இந்த மூன்றுதான். அதிலும் விலை குறைவாக வருவது குட்டி யானை என்பதால் அதை வைத்தே பெரும்பகுதியைச் சொல்கிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா?

பழுதுக்குப் போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் போய் வர சுமார் 30 கிலோமீட்டர் என்று கொள்வோம். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,200 ரூபாய் என்று வையுங்கள். வாரம் இரண்டு நடை, மாதம் ஒன்பது நடை என்றால் 10,800 ரூபாய் ஆகிறது. "மாசம் பதினோராயிரம் வாடகையா! சொந்த வண்டி வாங்கிவிடலாமே" என்று எல்லோருக்கும் தோன்றும்.

சொந்த வண்டிக்கு இரண்டு லட்சம் முடக்கினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்ற கணக்கில் மாதம் 2,000. இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டால், ஏழரை டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 2022 ஜூனில் அறிவித்த கட்டணம் 16,049 ரூபாய், வரி தனி. அது மாதத்துக்கு 1,500 என்று வையுங்கள். எஃப்.சி.க்கும் சாலை வரிக்கும் மாதம் 1,000. டீசல் நடைக்கு இரண்டு லிட்டர் வீதம் 1,700. டயரும் ரிப்பேரும் சேர்த்து மாதம் 4,000 ஒதுக்காமல் பழைய வண்டி ஓட்ட முடியாது. கூட்டினால் 10,200 ரூபாய். மிச்சம் 600 ரூபாய். அதற்கு நீங்களே ஓட்ட வேண்டும், நீங்களே வண்டி கழுவ வேண்டும். டிரைவர் வைத்தால் நஷ்டம்தான். வண்டியின் விலை வருடா வருடம் இறங்குவதை இதில் சேர்க்கவே இல்லை.

ஆகவே வாரத்துக்கு இரண்டு நடை போகிறவருக்கு வாடகை வண்டியே போதும். வாரம் நாலு நாளாவது வண்டி நகர வேண்டும். அல்லது காரியாபட்டி, கல்குறிச்சி, நரிக்குடி என்று லைன் போட்டுச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு கொடுக்கிறவராக இருக்க வேண்டும். அவருக்குத்தான் சொந்த வண்டி கட்டும். அப்படிப்பட்டவர்கள் மேலே படியுங்கள்.

பருப்பு வேகாத தண்ணீர்

நம் கரிசல் காட்டில் ஓடும் வண்டிக்கு எமன் மூன்று: உப்புத் தண்ணீர், புழுதி, பாரம். மெக்கானிக்குகள் நூறு பழுது சொல்வார்கள். அதில் பெரும்பான்மையை இந்த மூன்றில் ஒன்றில் கொண்டு போய் அடைத்துவிடலாம்.

நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு சீக்கிரம் வேகாது என்பது கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். "உங்க பருப்பு சரியில்ல" என்று திருப்பிக் கொண்டு வந்த வாடிக்கையாளருக்கு நாம் எத்தனை முறை தண்ணீரைக் காரணம் சொல்லியிருப்போம். அதே தண்ணீரைத்தான் டிரைவர்கள் வழியில் கிடைத்த குழாயில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். டீக்கடை பாய்லரின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டரின் சின்னக் குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில், முழுப் பாரத்தோடு, பந்தல்குடி மேட்டில் இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் கொதிக்கிறது. சூடு ஏறினால் ஹெட் கேஸ்கெட் போகிறது. டிரைவர் கவனிக்காமல் இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட்டே வளைந்துவிடும். தண்ணீர் ஆயிலில் கலந்தால் பேரிங்கும் கிராங்க்கும் சேர்ந்து போகும்.

செலவைப் பாருங்கள். நான் சொல்லும் தொகைகள் விருதுநகர், அருப்புக்கோட்டை பக்கம் கூலியோடு சேர்த்து ஆகும் உத்தேசம். பட்டறைக்குப் பட்டறை கொஞ்சம் மாறும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய 1,000 முதல் 1,500. புதிதாகப் போட்டால் 4,000 முதல் 6,000. வாட்டர் பம்ப் 2,000 சுமார். ஹெட் கேஸ்கெட் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் எடுத்துப் போட்டால் 8,000 முதல் 12,000. எஞ்சினையே பிரித்து முழு வேலை பார்த்தால் 35,000 முதல் 55,000 வரை. ஆயிரம் ரூபாய் வேலையைத் தள்ளிப் போட்டால் அது ஐம்பதாயிரம் ஆகிற கணக்கு இதுதான். இத்தனைக்கும் கூலண்ட் ஒரு டப்பா சில நூறு ரூபாய்தான். அதைக் கலந்து ஊற்ற சுத்திகரித்த கேன் தண்ணீரைப் பயன்படுத்தினாலே போதும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில், எஞ்சின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது போக வேண்டும். விற்கிறவர் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், "நாளைக்கு வருகிறோம்" என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (சூடாக இருக்கும்போது ஒருக்காலும் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்). தண்ணீர் செங்கல் கரைத்தது போல இருந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய் மிதந்தால் கேஸ்கெட்டில் சந்தேகம். மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்; குமிழ் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் எஞ்சின் காற்று தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை. இன்னொன்று, நம் பக்கத்து மெக்கானிக்குகள் பலர் வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சூடு குறைந்த மாதிரி தெரியும். ஆனால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடி டீசலைத் தின்னும். இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

புழுதியும் புகையும்

பங்குனி, சித்திரையில் திருச்சுழி பக்கம் கிராமத்து ரோட்டில் ஒரு வண்டி முன்னே போனால் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. அந்தப் புழுதியை எஞ்சினுக்குள் போகாமல் தடுப்பது ஏர் ஃபில்டர் ஒன்றுதான். முந்நூறு நானூறு ரூபாய்ச் சாமான். அதைத் தட்டித் தட்டியே இரண்டு வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டரே இல்லாமல் வெறும் டப்பாவோடு ஓடிய வண்டியையும் பார்த்திருக்கிறேன். கரிசல் புழுதி உள்ளே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத்தான். பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்து எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

புகையைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குப் பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது பம்ப், நாசில் சரியில்லை. இதில் கறுப்புப் புகைக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். நாசில் சர்வீஸ் செய்து, பம்ப்பைக் காலிப்ரேஷனுக்குக் கொடுத்தால் 6,000 முதல் 12,000க்குள் சரியாகும். நீலப் புகைதான் எஞ்சின் வேலை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினால், தேய்ந்த எஞ்சின் குபுகுபு என்று புகையோடு காற்றை அடிக்கும். நல்ல எஞ்சினில் லேசான மூச்சுதான் இருக்கும்.

பாரம்

முக்கால் டன் என்றால் 750 கிலோ. சீனி மூட்டை 50 கிலோ என்றால் 15 மூட்டை. அரிசிச் சிப்பம் 2022 ஜூலைக்குப் பிறகு ஜி.எஸ்.டி. காரணமாக 25 கிலோவிலிருந்து 26 கிலோவாகப் பலர் மாற்றிவிட்டார்கள். அந்தக் கணக்கில் 28 சிப்பம் ஏற்றினால் 728 கிலோ, சரியாக இருக்கும். ஆனால் நாம் ஏற்றுவது எவ்வளவு? 50 சிப்பம் ஏற்றாமல் வண்டியை நகர்த்துகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. "வண்டி தாங்குது அண்ணாச்சி" என்பார்கள். தாங்கத்தான் செய்கிறது. பில்லை நம்மிடம் தராமல், வண்டியை அடுத்து வாங்குகிறவரிடம் தருகிறது. பழைய வண்டி வாங்கும்போது அந்த அடுத்த ஆள் நாம்தான்.

பாரத்தில் அடிபட்ட வண்டியின் அடையாளங்கள் மறைக்க முடியாதவை. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டது அல்லது ஒடிந்திருக்கிறது. பட்டைகளை எண்ணிப் பாருங்கள். கம்பெனி போட்டதற்கு மேல் கூடுதல் பட்டை சொருகியிருந்தால் அந்த வண்டி என்ன வேலை பார்த்தது என்று கேட்கவே வேண்டாம். கீழே படுத்துச் சேஸைப் பாருங்கள். வெல்டிங் வைத்த தடமும், அதன்மேல் புதிய கறுப்புப் பெயிண்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சினைக்கூட மாற்றலாம், ஒட்டுப் போட்ட சேஸ் பாரத்தில் மறுபடியும் அதே இடத்துக்குப் பக்கத்தில் விரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டை ஒன்று மாற்ற 1,500 முதல் 2,000. கிளட்ச் செட் கூலியோடு 5,000 முதல் 7,000. ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விட்டால் எஞ்சின் அணைய வேண்டும், அணையாமல் இரைந்தால் கிளட்ச் தேய்ந்தது. கியர் போட்டு நகரும்போது அடியில் "டக்" என்று கேட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ். அது ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறில் முடியும். நாற்பது வேகத்தில் பின்னாலிருந்து ஊளை சத்தம் வந்தால் கிரௌன் பினியன்; அது 10,000க்கு மேல். ஸ்டியரிங் ஆடினால் கிங் பின் புஷ், 3,000 முதல் 5,000. டயர் ஒன்று 3,000 சுமார், நாலையும் மாற்றினால் ஸ்டெப்னி இல்லாமலே 12,000. சீமைக் கருவேல முள் நம் பக்கத்து டயருக்குச் செய்கிற உபகாரம் உங்களுக்கே தெரியும். பாட்டரி 5,000. செல்ப் மோட்டார், டைனமோ வேலை தலா 2,000 முதல் 3,500. பிரேக்கை மட்டும் விலை பார்க்கக் கூடாது. வாங்கிய மறுநாளே நாலு சக்கரத்தையும் கழற்றி வீல் சிலிண்டர், லைனிங் எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

குட்டி யானைக்கு இன்னொரு விசேஷம் டைமிங் பெல்ட். அது ரப்பர் பெல்ட். வெளியே தெரியாது, சத்தமும் கொடுக்காது. ஒருநாள் அறுந்தால் வால்வு வளைந்து ஹெட் வேலையாகிவிடும். "இப்பத்தான் மாத்தினேன்" என்று விற்கிறவர் சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லாவிட்டால், வாங்கின வாரமே 3,000 ரூபாய் செலவழித்து மாற்றிவிடுங்கள்.

ஒரு தீபாவளிக் கணக்கு

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர். என்னிடம் வரவு செலவு உள்ளவர், நாணயமானவர். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆவணி மாதம், ஒன்பது வருடம் ஓடிய வண்டி ஒன்றை ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வாங்கினார். தீபாவளிச் சரக்கைச் சொந்த வண்டியில் ஏற்றினால் வாடகை மிச்சம், பக்கத்துக் கிராமங்களுக்கும் லைன் போடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பு இல்லை. கையிலிருந்த பணத்தில் பாதியை வண்டிக்குக் கொடுத்தார், பாதியைச் சரக்குக்கு வைத்தார்.

வாங்கிய மூன்றாம் வாரம் எண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டி கொதித்தது. வழியில் தண்ணீர் ஊற்றி ஓட்டி வந்தார்கள். ஹெட் போயிற்று. பட்டறையில் பிரித்துப் பார்த்தால் போரும் தேய்ந்திருந்தது. "பிரிச்சது பிரிச்சாச்சு, முழுசாப் பார்த்துருவோம்" என்றார்கள். 46,000 ரூபாய் பில். சாமான் வர ஒன்று, லேத்தில் முறை வர ஒன்று என்று பதினெட்டு நாள் வண்டி பட்டறையில் நின்றது. அந்தப் பதினெட்டு நாளும் தீபாவளிக்கு முந்திய நாட்கள். வாடகை வண்டிக்காரர் சீசன் வாடகை கேட்டார். சரக்குக்கு வைத்த பணம் எஞ்சினுக்குப் போனதால் ரவை, மைதா, டால்டா எல்லாம் பாதி அளவே எடுத்தார். பாதியில் தீர்ந்துவிட்டது. இல்லை என்று சொல்லி அனுப்பிய வாடிக்கையாளர் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கி தை மாதம் வரை இழுத்தது. என் பேரேட்டிலும் அவர் பக்கம் அப்படியே நின்றது. நான் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் கேட்காமல் இருப்பார்களா? இரண்டு இடத்தில் அவருக்குக் கடன் சரக்கு நிறுத்திவிட்டார்கள்.

அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் வேலை பார்த்த பிறகு நன்றாகவே ஓடுகிறது, அவரும் கூலண்ட் தவிர வேறு ஊற்றுவதில்லை. ஒன்றே முக்கால் லட்சத்தோடு இன்னும் அரை லட்சம் தனியாக எடுத்து வைத்து, ஆவணியில் வாங்காமல் பங்குனியில் வாங்கியிருந்தால் அது நல்ல வியாபாரம்தான். சீசனுக்கு முன்னால் பழைய வண்டி வாங்குவது போன்ற ஆபத்து வேறில்லை. விற்கிறவர் விலை கூட்டிச் சொல்கிற மாதமும் அதுவே.

வண்டியின் பூர்வீகம்

வண்டி இதற்கு முன் என்ன ஏற்றியது என்பது கிலோமீட்டரைவிட முக்கியம். கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம். அதைக் குறைத்து வைப்பது சுலபம். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் குழிந்திருக்கிற வண்டி 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

தூத்துக்குடி உப்பு ஏற்றிய வண்டி, கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிய வண்டி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். உப்பும் மீன் தண்ணீரும் பாடியை மட்டுமல்ல, சேஸின் உள்பக்கத்தையும் அரித்திருக்கும். பலகைக்கு அடியில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரியும். உரம் ஏற்றிய வண்டியும் அப்படியே. நம் வறண்ட பூமிக்கே உரியது இன்னொன்று உண்டு, தண்ணீர் வண்டி. ஆயிரம் லிட்டர் தொட்டியை வைத்துத் தண்ணீர் விற்றிருப்பார்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ, தொட்டி எடை தனி. குட்டி யானைக்கு அது முதல் நடையிலேயே அதிகப் பாரம். அதோடு வளைவில் தண்ணீர் அலம்புவதால் ஸ்பிரிங்கும் பேரிங்கும் சீக்கிரம் போகும். செங்கல், எம்-சாண்ட் ஏற்றியதும் இதே ரகம். காய்கறி, பிஸ்கட், முட்டை, பால் பாக்கெட் லைன் ஓடிய வண்டி கிடைத்தால் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும்.

தோஸ்த், பொலிரோ போன்றவை பாரத்துக்கு நல்லவை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு டன்னுக்கு மேல் தினம் ஏற்றுகிறவர் குட்டி யானையை வதைக்காமல் அங்கே போவதே முறை. ஆனால் அவற்றில் காமன் ரெயில் டீசல், டர்போ எல்லாம் இருக்கிறது. மரத்தடி மெக்கானிக் கை வைக்க முடியாது. கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒரு இஞ்செக்டர் புதிதாகப் போட்டால் 10,000 ரூபாயும் ஆகும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் சேர்ந்துகொண்டன. கேனில் வாங்கி வைத்த டீசலை ஊற்றுவது இந்த வண்டிகளுக்கு விஷம். டீசல் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றாதவர் இவற்றை வாங்கவே கூடாது.

பாரம் பற்றி விட்டுப்போன ஒன்று. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு நடை வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் இதைக் கட்டினால் எந்தச் சரக்கில் ஈடு செய்வது?

சாமானும் மெக்கானிக்கும்

ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல, நம் கடையிலேயே அந்தப் பேச்சு தினமும் நடக்கிறது. என் கருத்து இது: டைமிங் பெல்ட், பிரேக் சாமான்கள், ஃபில்டர்கள், ஹெட் கேஸ்கெட், பேரிங் ஆகியவற்றைக் கம்பெனி பில்லோடு வாங்க வேண்டும். கண்ணாடி, விளக்கு, பம்பர், பட்டை, சைலன்சர் எல்லாம் லோக்கல் போதும். மாற்றிய பழைய சாமானைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் போதும். அவருக்கு உரிய கூலியை அன்றன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும். நமக்குப் பாக்கி வைத்த கடைக்காரருக்கு நாம் எந்த முகத்தோடு சரக்குப் போடுவோமோ, அதே முகத்தோடுதான் அவரும் நம் வண்டிக்கடியில் படுப்பார்.

பேரேட்டில் வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, கிலோமீட்டர், டீசல், என்ன சாமான் மாற்றினோம், எவ்வளவு என்று எழுதி வந்தால் ஆறு மாதத்தில் வண்டி தன் யோக்கியதையைத் தானே சொல்லிவிடும். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 13க்கு இறங்கினால் ஏதோ பழுது வரப்போகிறது என்று அந்தப் பக்கத்திலேயே தெரியும். பிற்காலத்தில் நீங்கள் விற்கப் போகும்போது இந்த நோட்டைக் காட்டினால் விலையும் கூடும்.

கையெழுத்துக்கு முன்

எட்டு வருடம் வரையுள்ள சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருடந்தோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். டிங்கர் வேலை, பெயிண்ட், ஸ்டிக்கர், விளக்கு என்று ஒவ்வொரு எஃப்.சி.க்கும் 10,000 முதல் 20,000 வரை பிடித்துவிடும். ஆகவே எஃப்.சி. முடிய ஒரு மாதமே இருக்கிற வண்டியும், பத்து மாதம் இருக்கிற வண்டியும் ஒரே விலை அல்ல. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு எஃப்.சி. கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்திவிட்டது; அந்த வயது வண்டியைச் சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

நீங்களோ பையனோ ஓட்டப் போவதாக இருந்தால், சாதாரண இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் ஏழரை டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் வெகுகாலம் இதை வைத்துத்தான் தகராறு செய்தார்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடுவது நம்மவர்களிடம் உள்ள வழக்கம். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்கிறவருக்கு இது தெரிந்திருந்தால் அவரே உங்களை அவசரப்படுத்துவார். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று வந்துவிடும். செல்போன் வைத்திருக்கிற பையனிடம் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. ஃபைனான்ஸ் இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35ல் ஃபைனான்ஸ் கம்பெனியின் கையெழுத்தும் முத்திரையும் உங்கள் கைக்கு வரும் வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். "அடுத்த வாரம் வாங்கித் தர்றேன்" என்று புரோக்கர் சொன்னால் மீதிப் பணத்தையும் அடுத்த வாரமே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.